பகல் வெயிலில் நிற்கும் நிலவு

நாமக்கல் கோட்டைப் பாறைக்கு மேலே எழுகிற பௌர்ணமி நிலவைக் கைபேசியில் எடுத்தவர்களின் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கறுத்த வானம், ஊர் விளக்குகள், நடுவில் வெறும் வெள்ளைப் பொட்டு. கண்ணுக்குத் தெரிந்த முயலும் வடை சுடும் பாட்டியும் படத்தில் காணாமல் போயிருப்பார்கள். கேமரா சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் அந்தக் கேமரா தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நிலவைப் பற்றி நாம்தான் அதற்கு இரண்டு செய்திகளைச் சொல்லத் தவறிவிட்டோம்.

முதல் செய்தி: நமக்கு இரவு, நிலவுக்கு அது இரவல்ல. நாம் காணும் வெளிச்சப் பகுதி முழுவதும் நல்ல பகலில் இருக்கிறது. சேலத்தில் உச்சி வெயில் அடிக்கும்போது நம் தலைமேல் விழுகிற சூரிய ஒளி ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் பயணம் செய்து வந்தது. நிலவின் மேல் விழும் ஒளியும் அதே தொலைவைக் கடந்ததுதான். பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். சூரியத் தொலைவோடு ஒப்பிட்டால் அது கணக்கில் சேராது. ஆகவே நிலவைப் படமெடுப்பது என்பது வெயிலில் கிடக்கும் ஒரு பாறையைப் படமெடுப்பதுதான்.

கைபேசிக்கு இது தெரியாது. படச்சட்டத்தின் பெரும்பகுதி இருட்டாக இருப்பதைப் பார்த்து, இருட்டைத் துலக்கிக் காட்டவே அது முயலும். ஒளியை அதிகமாக உள்ளே விடும். வெயிலில் நிற்கும் பாறைக்கு அந்த ஒளி பல நூறு மடங்கு அதிகம். அதனால்தான் வெள்ளைப் பொட்டு. திரையில் நிலவின் மேல் விரலை வைத்துத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துப் பாருங்கள். வானமும் ஊரும் கறுத்துப்போகும். நிலவின் முகத்தில் கறைகள் தெரியத் தொடங்கும்.

ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் வெயிலுக்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். அபெர்ச்சர் எஃப் 16. ஷட்டர் வேகம், ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண் எதுவோ நொடியில் அதன் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 100 என்றால் நூற்றில் ஒரு நொடி. முழுநிலவுக்கும் இதே வாய்ப்பாடுதான். எஃப் 16-க்குப் பதில் எஃப் 11. ஒரு படி மட்டும் கூடுதலாகத் திறக்கிறோம். ஏன் அந்த ஒரு படி? நிலவின் மண் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 12 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலை அளவுக்குத்தான் அது வெளுப்பு. சுற்றிலும் கறுத்த வானம் இருப்பதால் நம் கண்ணுக்கு அது பால்வெள்ளையாகத் தெரிகிறது. 2015 ஜூலையில் பூமியிலிருந்து சுமார் 16 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்ற டிஸ்கவர் விண்கலம், பூமிக்கு முன்னால் நிலவு கடந்து செல்வதைப் படமெடுத்து அனுப்பியது. மேகங்கள் பளீரென்று தெரியும் பூமியின் முன்னே, நிலவு சாம்பல் படிந்த இருண்ட உருண்டையாக இருந்தது. நிலவின் உண்மையான நிறத்தை அறிய விரும்புகிறவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இரண்டாவது செய்தி அளவு. வானத்தில் நிலவின் அகலம் அரை பாகைதான். கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் விரல் நகத்துக்குள் மறைந்துவிடும். லென்ஸின் குவிய நீளத்தை 110-ஆல் வகுத்தால் கேமராவுக்குள் விழும் நிலவின் அளவு கிடைக்கும். 200 மில்லிமீட்டர் லென்ஸில் 1.8 மில்லிமீட்டர், 600 மில்லிமீட்டரில் ஐந்தரை மில்லிமீட்டர். கைபேசியின் முதன்மை லென்ஸின் குவிய நீளம் ஆறேழு மில்லிமீட்டர்தான் என்பதால் அதில் விழும் நிலவு ஐம்பது, அறுபது பிக்சலைத் தாண்டாது. அத்தனை சிறிய இடத்தில் முயலும் பாட்டியும் ஓரளவுக்கு மேல் தெளிவாக வர முடியாது. அப்படியிருந்தும் சில கைபேசிகளில் பள்ளங்கள்கூடத் துல்லியமாக வருகின்றனவே என்று கேட்கலாம். லென்ஸ் தராத நுணுக்கத்தை, முன்பே கற்றுவைத்த நிலாப் படங்களின் உதவியால் மென்பொருள் நிரப்புகிறது. அந்த நுணுக்கம் நீங்கள் நின்ற இடத்திலிருந்து அந்த இரவில் வந்தது அல்ல. ஆகவே அதை நீங்கள் எடுத்த படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலவின் முகத்தை மட்டும் எடுக்க நினைப்பவர்களுக்குப் பௌர்ணமி ஏற்ற நாள் அல்ல. அன்று சூரியன் நம் முதுகுப் பக்கமிருந்து நேராக நிலவின் மேல் அடிக்கிறது. நிழல்கள் அந்தந்தப் பாறைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், மேடுபள்ளம் தெரியாது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே சூரியன் அப்போதுதான் உதிக்கிறது. சிறு மேடும் நீண்ட நிழலை விழவைக்கிறது. 1609-இல் கலிலியோ தன் தொலைநோக்கியில் கண்டு நிலவில் மலைகள் உண்டென்று முடிவுசெய்ததும் அந்தக் கோட்டின் ஓரத்தில்தான். அரைநிலவு முழுநிலவில் பாதி வெளிச்சம் தரும் என்று நினைத்துவிடக் கூடாது; ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்குதான் தரும். சரிந்து விழும் வெயிலும், மண்ணின் ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளின் மேல் வீழ்த்தும் நிழலும் அதற்குக் காரணம். ஆகவே அஷ்டமி நிலவுக்கு எஃப் 11 போதாது. எஃப் 8 அல்லது எஃப் 5.6 வரை திறக்க வேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம். நிலவை மட்டும் தனியாக எடுத்த படம் எந்த ஊரிலிருந்து எடுத்தாலும் ஒன்றுதான். சென்னையில் எடுத்ததா சிங்கப்பூரில் எடுத்ததா என்று யாரும் சொல்ல முடியாது. படத்துக்கு ஓர் ஊர் வேண்டுமானால் நிலவோடு கீழே ஏதாவது நிற்க வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் அதற்குப் பஞ்சமே இல்லை. தட்டையான நிலத்தில் ஆங்காங்கே தனித்தனியாக எழும் கரடுகள் இந்த வட்டாரத்தின் அடையாளம். சங்ககிரி, திருச்செங்கோடு, நைனாமலை, கஞ்சமலை, நாமக்கல்லின் ஒற்றைப் பாறை என்று எல்லாத் திசையிலும் உண்டு.

நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். அது அந்த விட்டத்தைப் போல் ஏறக்குறைய 110 மடங்கு தொலைவில் இருக்கிறது. எந்தப் பொருளையும் அதன் உயரத்தைப் போல் 110 மடங்கு தள்ளி நின்று பார்த்தால் அது நிலவின் அளவில் தெரியும். நாமக்கல் பாறையின் உயரத்தை 65 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 7 கிலோமீட்டர் தள்ளி நின்றால் பாறையும் நிலவும் ஒரே அளவு. பாறைக்குப் பின்னால் பாறை அளவுக்கே எழும் நிலவைக் கண்டு, இது ஒட்டுவேலை என்று பலர் அடித்துப் பேசுவார்கள். ஒட்டுவேலை தேவையே இல்லை. தொலைவு ஒன்றே அதைச் செய்துவிடும். பக்கத்தில் நின்று எடுத்தால் பாறை வளரும்; நிலவு அதே அரை பாகையில் நிற்கும்.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நேராகக் களத்தில் இறங்கினால் நாமக்கல்லில் ஒரு தடை காத்திருக்கும். மார்கழிப் பௌர்ணமி நிலவு கிழக்குக்கு வடக்கே நன்றாகத் தள்ளி உதிக்கும். அதைப் பாறையோடு சேர்த்து எடுக்க நாம் தென்மேற்கே, பரமத்தி போகும் பக்கம் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பாறைக்குப் பின்னால் கொல்லிமலை மதில்போல் நிற்கிறது. சமவெளியிலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் எழும் அந்த மலைத்தொடர், நாமக்கல்லிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவு தொலைவில் இரண்டரை, மூன்று பாகை வானத்தை மறைக்கிறது. ஏழு கிலோமீட்டர் தள்ளி நின்றால் பாறையின் உச்சி அரை பாகை உயரம்தான். பாறை முழுவதும் மலையின் உடலுக்குள் அடங்கிவிடும். பாறை மலைக்கு மேலே தலைநீட்ட வேண்டுமானால் ஒன்றரை கிலோமீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும்; அப்போது பாறை ஐந்து நிலா உயரம் இருக்கும். மேலும் கைபேசிச் செயலி சொல்லும் உதய நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் நிலவு மலைக்கு மேல் முகம் காட்டும். அடிவானச் செம்மை அதற்குள் வெளுத்துவிடும்.

ஆகவே நாமக்கல்லில் பெரிய நிலவு வேண்டுமென்பவர்கள் மாலையை விட்டுவிட்டு விடியலைத் தேர்வது நல்லது. பௌர்ணமி முடிந்த காலையில், சூரியன் எழும் நேரத்தை ஒட்டி நிலவு மேற்கே இறங்கும். மேற்கில் கொல்லிமலை அளவுக்கு உயர்ந்த தடுப்பு அருகில் இல்லை. பாறைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட வயல்வெளியில், மரவள்ளிக் காட்டு வரப்பிலோ சோளத் தட்டை அறுத்த நிலத்திலோ முக்காலியை ஊன்றி, மேற்கே பார்த்து நிற்கலாம். காட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை; கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் அவர்தான் சொல்வார்.

இங்கே நேரம் மிகக் குறைவு. வானம் சுழலும் வேகத்தில் நிலவு தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். கோட்டைச் சுவருக்குப் பின்னால் முழு வட்டமும் பொருந்தி நிற்கும் தருணம் ஒரு நிமிடம் நீடித்தால் அதிகம். இடம் தவறினால் ஓட வேண்டியதுதான். எவ்வளவு தூரம் ஓடுவது என்பதையும் அதே 110 சொல்லும். 7 கிலோமீட்டர் தொலைவில் ஒரு நிலா அகலம் என்பது தரையில் 64 மீட்டர். நிலவு பாறைக்கு இடப்பக்கம் ஒரு நிலா தள்ளி நின்றால் நீங்கள் வலப்பக்கம் 64 மீட்டர் நகர வேண்டும். மலையைவிட நிலவு தொலைவில் இருப்பதால் நீங்கள் போகும் திசையிலேயே அதுவும் கூட வரும். இந்தத் திசைக் குழப்பத்தை வீட்டிலேயே ஸ்டெல்லேரியம் போன்ற செயலியில் பழகித் தீர்த்துக்கொண்டு வருவது நல்லது.

எந்த நாள் என்பதற்குப் பஞ்சாங்கமே போதும். நிலவு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மறையவும் நிலவு எழவும் கிட்டத்தட்ட ஒரே நேரம். அதற்கு முந்தைய நாளான சதுர்த்தசியில், சூரியன் இன்னும் மறையாதபோதே நிலவு கிழக்கே ஏறியிருக்கும். நிலத்தில் மாலை வெயில், வானத்தில் நிலவு; இரண்டின் வெளிச்சமும் ஒரு கேமரா தாங்கும் அளவுக்குள் நெருங்கி வரும். கொல்லிமலை மறைக்கும் அந்தப் பத்து நிமிட இழப்பும் சதுர்த்தசியில் இழப்பாகத் தெரியாது. கோயில், கோட்டை, தென்னந்தோப்பு, நிலவு எல்லாம் ஒரே படத்தில் விவரத்தோடு வர வேண்டுமென்றால் என் தேர்வு சதுர்த்தசிதான். பௌர்ணமிக்கு மறுநாள் நிலவு எழும்போது நிலம் இருண்டிருக்கும். கரட்டின் கறுத்த வடிவம் மட்டும் மிஞ்சும்.

திசையும் மாதத்துக்கு மாதம் மாறும். முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதால் பருவத்தில் அது சூரியனுக்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே போயிருக்கும். முழுநிலவு தென்கிழக்கே உதித்துத் தெற்கு வானத்தில் தாழ்வாகப் போகும். மார்கழியில் எல்லாம் தலைகீழ். சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் ஐப்பசிப் பௌர்ணமியன்று, 11 பாகை வடக்கில் உள்ள நம் ஊர்களில் நள்ளிரவு நிலவு கிட்டத்தட்ட நேர் உச்சியில் வரும். இதன் மேல் 18.6 ஆண்டுச் சுழற்சி ஒன்றும் உண்டு. நிலவின் பாதை சூரியப் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால் அதன் வடகோடியும் தென்கோடியும் விரிந்து சுருங்குகின்றன. 2024, 2025 ஆண்டுகளில் அந்த வீச்சு உச்சத்தில் இருந்தது. அப்போது நிலவு உதித்த கோடிப் புள்ளிகளை அடுத்த சில ஆண்டுகளில் எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும்; பழைய படத்தை வைத்து இடம் குறிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடிவான நிலவு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? அது மூளையின் வேலை. கேமராவில் அளந்தால் உச்சியில் நிற்கும் நிலவுதான் ஒரு துளி பெரியது. உதிக்கும் நிலவைவிடத் தலைக்குமேல் நிற்கும் நிலவு பூமியின் ஆரம் அளவுக்கு, ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர், நமக்கு அருகில் இருக்கிறது. அடிவானத்தில் காற்று வேறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. தடித்த காற்று வழியே வரும்போது நீல ஒளி சிதறிப்போய்ச் செம்மஞ்சள் மிஞ்சுகிறது. கோடைத் தூசியும் குவாரிப் புழுதியும் அந்தச் சிவப்பை இன்னும் கூட்டும். அடுத்து, காற்று ஒளியை வளைக்கிறது. நிலவின் கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்கிக் காட்டுவதால் அடிவானத்தைத் தொடும் நிலவு உயரத்தில் ஆறில் ஒரு பங்கு நசுங்கித் தெரியும். அதை மென்பொருளில் வட்டமாகத் திருத்திவிடாதீர்கள். அந்த நசுங்கல், நம் தலைமேல் காற்று இருக்கிறது என்பதற்குப் படம் சொல்லும் சாட்சி.

நிலவின் முகத்தையும் கவனியுங்கள். உதிக்கும்போது அமைதிக் கடல் என்ற பெரிய கறைக்கு மேலே, வட்டின் மேல் விளிம்பை ஒட்டி, சிறிய நீள்வட்டக் கறை ஒன்று தனியாக நிற்கும். அது நெருக்கடிக் கடல். அதிகாலை மறையும்போது அதே கறை கீழ் விளிம்புக்கு வந்திருக்கும். நிலவு உச்சிக்கு அருகே கடந்துபோகும் நம் பகுதியில் ஒரே இரவில் முயல் தலைகீழாகிவிடுகிறது. மாலைப் படத்தையும் விடியற்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய வானியல் பாடம் வேறில்லை. மூன்றாம் பிறையும் அப்படித்தான். தை முதல் சித்திரை வரை மாலைப் பிறை ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும். புரட்டாசி, ஐப்பசியில் ஒருக்களித்துச் சாய்ந்திருக்கும். பிறையின் இருண்ட பகுதி மங்கலாகத் தெரிகிறதே, அது பூமியின் ஒளி நிலவில் பட்டுத் திரும்புவது. ஒன்றிரண்டு நொடி ஷட்டரைத் திறந்தால் அது படத்தில் ஏறும்.

இதுவரை நிலவைப் படமெடுப்பதைப் பேசினோம். நிலவின் ஒளியில் நிலத்தைப் படமெடுப்பது இன்னொரு கலை. அதற்கு உலகிலேயே பொருத்தமான இடங்களுள் ஒன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சித்தம்பூண்டி, குன்னமலை. பரமத்தி வேலூர் வட்டாரத்து ஊர்கள். அங்கே வயலோரத்தில் வெளியே தலைகாட்டும் பாறை அனார்த்தோசைட். உடைந்த முகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பகுதி வெள்ளையும் வெளிர்சாம்பலுமான பிளாஜியோகிளேஸ் படிகங்கள். பக்கவாட்டில் திருப்பினால் தட்டையான சிறு முகங்கள் ஒளியைப் பிடித்து மின்னும். இடையிடையே கரும்பச்சையாக ஹார்ன்பிளெண்ட் கோடுகள். சில இடங்களில் குருந்தக்கல்லின் சிவந்த படிகங்கள். ஏ.பி. சுப்பிரமணியம் என்ற நிலவியலாளர் 1956-இல் இந்தப் பாறைத் தொகுதியைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதற்குப் பிறகு சித்தம்பூண்டி என்ற பெயர் உலக நிலவியல் நூல்களில் நிலைத்துவிட்டது. பாறையின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். வெள்ளையாக இருக்கும் எல்லாம் இந்தப் பாறை அல்ல; சேலத்துக்கு வடக்கே சுண்ணாம்புக் கரடு என்று பெயர்பெற்ற குன்றுகளின் வெண்மை மேக்னசைட் தாதுவால் வருவது.

நிலவின் வெளுத்த பகுதி என்ன? அதுவும் அனார்த்தோசைட்தான். 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் கொண்டுவந்த மண்ணில் சின்னஞ்சிறு வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. அவற்றை ஆராய்ந்த ஜான் உட் உள்ளிட்டோர் துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். பிறந்த புதிதில் நிலவின் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக் குழம்பாக இருந்தது. கனத்த படிகங்கள் அடியில் அமிழ, எடை குறைந்த பிளாஜியோகிளேஸ் மேலே மிதந்து உறைந்து ஓடாயிற்று. இது நடந்தது சுமார் 440 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த ஓட்டின் பெரும் பள்ளங்களைப் பிற்பாடு எரிமலைக் குழம்பு நிரப்பியது. இரும்பும் டைட்டானியமும் மிகுந்த அந்தக் கரிய பசால்ட்தான் நம் முயலும் பாட்டியும். 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான் 3-இன் பிரக்யான் ஊர்தி, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அனார்த்தோசைட்டுக்கு நெருங்கிய கலவையையே அது அங்கே கண்டது. அந்த முடிவுகள் 2024-இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. பாறைக் குழம்புக் கடல் என்ற கருத்து மேலும் வலுப்பட்டது.

சந்திரயான் இறங்குவதற்கு முன் அதன் கால்களையும் சக்கரங்களையும் இங்கேயே சோதித்தாக வேண்டியிருந்தது. அதற்கு நிலாமண் வேண்டும், அதுவும் டன் கணக்கில். வெளிநாட்டில் வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. இஸ்ரோவின் தேடல் சித்தம்பூண்டிக்கும் குன்னமலைக்கும் வந்து சேர்ந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் பேராசிரியர் எஸ். அன்பழகனும் சக ஆய்வாளர்களும் பாறையைத் தேர்ந்து கொடுத்தார்கள். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இதில் பங்கெடுத்தது. பாறை நிலாமண்ணின் துகள் அளவுக்கு அரைக்கப்பட்டு, சுமார் 50 டன் பெங்களூருக்குப் போனது. அந்தச் செயற்கை நிலாமண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-இல் இந்தியக் காப்புரிமையும் கிடைத்தது. விக்ரம் தரையிறங்கு கலமும் பிரக்யானும் நிலவைத் தொடும் முன் நாமக்கல் மண்ணைத் தொட்டுப் பழகியவை. இரண்டு பாறைகளும் அச்சு அசல் ஒன்றல்ல. நம் பாறை பூமிக்கடியில் நீரும் வெப்பமும் அழுத்தமும் பட்டு மாறியது. ஹார்ன்பிளெண்ட் போன்ற நீர் சேர்ந்த கனிமங்கள் நிலவின் அனார்த்தோசைட்டில் கிடையாது. ஆனாலும் அடிப்படைக் கனிமம் ஒன்றே.

ஒரு பௌர்ணமி இரவில் சித்தம்பூண்டிப் பாறையின் முன் கேமராவை வைத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சூரிய ஒளி நிலவின் அனார்த்தோசைட்டில் பட்டு, 1.3 நொடியில் பூமிக்கு வந்து, நாமக்கல்லின் அனார்த்தோசைட்டில் பட்டு லென்ஸுக்குள் நுழைகிறது. முழுநிலவின் வெளிச்சம் வெயிலில் ஏறக்குறைய நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான். ஆகவே முக்காலி கட்டாயம். எஃப் 4, ஐஎஸ்ஓ 800, பதினைந்து நொடி என்று தொடங்கலாம். வரும் படத்தில் வானம் நீலமாக இருக்கும், புல் பச்சையாக இருக்கும், பாறை வெள்ளையாக இருக்கும். நட்சத்திரங்கள் இல்லாவிட்டால் பகலென்றே நினைப்பீர்கள். நிலவொளி என்றால் நீலம் என்பது நம் கண்ணின் பழக்கம். மங்கிய ஒளியில் நிறம் காணும் செல்கள் ஓய்ந்துபோவதால் வருவது அது. நிலவொளி வெயிலைவிடச் சற்றுச் சிவந்தது. கேமரா அதை மாற்றாமல் காட்டும். வெள்ளைச் சமநிலையைப் பகல் வெயிலுக்கு வைத்துவிட்டு அப்படியே விடுங்கள். நிலவு பாதி வானத்தில் சரிந்திருக்கும்போது எடுத்தால் படிகங்களின் சொரசொரப்பு நிழலோடு வரும். உச்சியில் இருக்கும்போது பாறை தட்டையாகிவிடும். அஷ்டமி நிலவில் பள்ளங்களைத் துலக்கிக் காட்டிய அதே விதிதான் இங்கே நம் காலடியிலும்.

நிலவின் பாறைகளுக்குள் உள்ள நிற வேறுபாட்டையும் படத்தில் வெளிக்கொணரலாம். தெளிவான இரவில் உச்சியில் நிற்கும் முழுநிலவைப் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்து, நிறச்செறிவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போங்கள். டைட்டானியம் மிகுந்த அமைதிக் கடல் நீலம் காட்டும். அதை அடுத்த தெளிவுக் கடல் பழுப்பேறும். அனார்த்தோசைட் மேட்டு நிலம் வெளிறியே நிற்கும். இந்த நிறங்கள் பொய்யல்ல. நிலவில் இருப்பதைப் பெருக்கிக் காட்டுகிறோம், அவ்வளவே. வேறொரு நாளில் வேறொரு லென்ஸில் எடுத்த பெரிய நிலவைக் கோபுரத்துக்குப் பின்னால் ஒட்டுவது இதிலிருந்து முற்றிலும் வேறு. ஒட்டியதை ஒட்டியது என்று எழுதிவிட்டால் அது ஓவியம்போல் ஒரு படைப்பு. எழுதாமல் விட்டால், ஏழு கிலோமீட்டர் தள்ளி விடியற்காலை வரப்பில் நின்று எடுத்தவரின் உழைப்பையும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது.

முழுச் சந்திர கிரகணத்தில் எல்லாக் கணக்கும் மாறிவிடும். 2025 செப்டம்பர் 7 இரவு 11 மணி முதல் 82 நிமிடம் நிலவு பூமியின் நிழலுக்குள் முழுதாக இருந்தது. மேகம் விலகிய இடங்களில் தமிழ்நாடெங்கும் அதைப் பார்த்தோம். நிலவு அப்போது பகல் வெயிலில் இல்லை. பூமியின் விளிம்புக் காற்றில் வளைந்து வடிந்த செவ்வொளி மட்டுமே அதன் மேல் விழும். வெளிச்சம் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். எஃப் 11, நூற்றில் ஒரு நொடி என்ற வாய்ப்பாடு அங்கே செல்லாது; நொடிக்கணக்கில் திறக்க வேண்டும். பௌர்ணமி வானத்தில் மறைந்துபோகும் நட்சத்திரங்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குத் திரும்பி வரும். நிலவையும் நட்சத்திரங்களையும் கோட்டையையும் ஒரே எக்ஸ்போஷரில் அடக்க வருடக்கணக்கில் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு அது.

நம் வானில் முழுதாகத் தெரியப்போகும் அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 அன்று. அதன் நடுக்கட்டம் இரவு 10.22 மணியளவில், முழுமை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். நிலவு அப்போது வானில் உயரத்தில் இருக்கும் என்பதால் நீண்ட டெலி லென்ஸைவிட அகன்ற லென்ஸே உதவும். சித்தம்பூண்டியிலோ நாமக்கல் பாறையடியிலோ இப்போதே ஓர் இடம் பார்த்துவையுங்கள்.